கோவை பாதுகாப்பான ஊரா? குற்றக் கணக்கைப் படிக்கும் விதம்

என் சித்தி மகளுக்குப் பெங்களூருவிலிருந்து கோவைக்கு மாற்றல் வந்தது. சரவணம்பட்டியில் அலுவலகம், வாரத்தில் மூன்று நாள் இரவு ஒன்பதரை வரை வேலை. போன் செய்தவள் வாடகையைப் பற்றிக் கேட்கவில்லை, தண்ணீரைப் பற்றியும் கேட்கவில்லை. "அக்கா, கோவை சேஃப்தானே?" என்றுதான் கேட்டாள். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். இந்தியாவின் பாதுகாப்பான நகரங்கள் என்று ஒரு பட்டியல், அதில் கோவையும் இருந்தது. அரை மணி நேரத்தில் இன்னொன்று வந்தது. கோவையில் ஏதோ ஒரு தெருவில் பைக்கில் வந்தவன் ஒரு பெண்ணின் கழுத்தில் கை போடும் சிசிடிவி காட்சி. "இதுல எதைக்கா நம்பறது?"

இரண்டையுமே அப்படியே நம்பாதே என்றேன். ஏன் என்று போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அவளைப் போலவே வேலைக்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ இந்த அளவுள்ள ஊர்களுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட பட்டியல்கள் இரண்டு விதம். இணையத்தில் சில நூறு பேரிடம் "இரவில் தனியாக நடக்கப் பயமாக இருக்கிறதா?" என்று கேட்டு, வந்த பதிலை மதிப்பெண்ணாக மாற்றியவை ஒரு விதம். பதில் சொன்னவர் யார், எந்தப் பகுதியில் இருப்பவர் என்று எதுவும் தெரியாது, அவற்றை விட்டுவிடலாம். இன்னொரு விதம், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையிலிருந்து எடுத்தவை. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1986-இல் தொடங்கிய நிறுவனம் அது. நாடு முழுக்கக் காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளை மாநிலங்களிடமிருந்து வாங்கித் தொகுத்து வெளியிடுகிறது. நகரங்களுக்கென்று தனி அட்டவணையும் உண்டு. ஆனால் அதில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 19 நகரங்கள்தான் வரும். தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் மட்டும். மதுரை, திருச்சி, சேலம் அந்த அட்டவணையிலேயே இல்லை. ஆகவே "பாதுகாப்பான நகரங்களில் கோவை" என்று செய்தி வந்தால், கோவையை மதுரையோடும் திருச்சியோடும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதை முதலில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அட்டவணையில் முக்கியமான எண் குற்ற விகிதம். ஓர் ஆண்டில் பதிவான வழக்குகளை மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று சொல்வது. பெரிய ஊரையும் சின்ன ஊரையும் ஒரே தராசில் வைக்க இது தேவைதான். ஆனால் மேலே இருக்கும் வழக்கு எண்ணிக்கையிலும் கீழே இருக்கும் மக்கள்தொகை எண்ணிலும் சிக்கல் இருக்கிறது.

2023-ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் இந்திய தண்டனைச் சட்டக் குற்றங்களின் விகிதத்தைப் பாருங்கள். கொல்கத்தாவில் ஒரு லட்சம் பேருக்கு 83.9. கொச்சியில் 3,192.4. கோவை, கொல்கத்தாவைவிடப் பல மடங்கு அதிகம், கொச்சியைவிடப் பல மடங்கு குறைவு. எண்ணை எழுத்துக்கு எழுத்து நம்பினால் கொச்சி கொல்கத்தாவைவிட 38 மடங்கு ஆபத்தான ஊர். கொச்சிக்கு ஒருமுறையாவது போனவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா? மெரைன் டிரைவில் இரவு பத்து மணிக்குக் குழந்தைகளோடு குடும்பங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவள் நான். கொலை வழக்குகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் இந்த 38 மடங்கு எங்குமே தென்படாது. கேரளக் காவல்துறை சாலையில் தாறுமாறாக வண்டி ஓட்டியதற்கும்கூட வழக்குப் பதிகிறது. மக்களும் சின்ன விஷயத்துக்கும் நிலையத்துக்குப் போகிறார்கள். போனால் எழுதிக்கொள்கிறார்கள். அந்த எண் பெரிதாக இருப்பதற்குப் பெரும்பங்கு காரணம் அதுதான்.

டெல்லியில் நடந்தது இன்னும் தெளிவான உதாரணம். 2013-இல் அங்கே பதிவான தண்டனைச் சட்ட வழக்குகள் சுமார் 80,000. 2015-இல் 1,91,000-ஐத் தாண்டிவிட்டது. இரண்டே வருடத்தில் திருடர்கள் இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிடவில்லை. புகார் வந்தால் தட்டாமல் பதிய வேண்டும் என்று நெருக்கடி வந்தது, பிறகு வண்டித் திருட்டுக்கு இணையத்திலேயே எஃப்.ஐ.ஆர். போடும் வசதியும் வந்தது. அதுவரை எழுதப்படாமல் இருந்தவை எழுதப்பட்டன.

நம் மாநிலத்துக்கும் இப்படி ஒரு வருடம் உண்டு. 2020-இல் தமிழ்நாட்டில் 13 லட்சத்துக்கு மேல் வழக்குகள் பதிவாகி, எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்தோம். முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த வருடம் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்: ஊரடங்கு. கடை திறந்தவர், வெளியே வந்தவர், பைக் ஓட்டியவர் எல்லோர் மேலும் அரசு ஆணையை மீறியதாக 188-ஆம் பிரிவில் வழக்கு. நாடு முழுவதும் அந்தப் பிரிவில் 2019-இல் 29,469 வழக்குகள், 2020-இல் 6,12,179. அதே வருடம் திருட்டு வழக்குகள் 6.7 லட்சத்திலிருந்து 4.9 லட்சமாகக் குறைந்திருக்கின்றன. வீட்டில் ஆள் இருந்தால் கன்னம் வைப்பவன் எப்படி வருவான்? திருட்டு குறைந்த வருடத்தில் மொத்தக் குற்றம் கூடியதாகத் தலைப்புச் செய்தி வந்தது. மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாந்துபோவோம்.

சரி, கீழே இருக்கும் எண்ணுக்கு வருவோம். வகுப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்ணால். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை, அடுத்தது 2027-இல்தான். இந்த இடைவெளியில் சரவணம்பட்டியும் காளப்பட்டியும் எப்படி மாறிவிட்டன என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்க வேண்டியதே இல்லை, ஒருமுறை சத்தி சாலையில் போனால் போதும். வெளிமாநிலத் தொழிலாளர்கள், விடுதி மாணவர்கள், தினமும் பொள்ளாச்சியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்து போகிறவர்கள் என யாரும் அந்தப் பழைய எண்ணில் சரியாக அடங்க மாட்டார்கள்.

எல்லையும் ஒரு தொல்லை. கோவை மாநகராட்சியின் இப்போதைய எல்லைக்குள் 2011 கணக்குப்படி சுமார் 16 லட்சம் பேர். சுற்றியுள்ள ஊர்களைச் சேர்த்து நகர்த்தொகுதி என்று எண்ணினால் 21.5 லட்சம். தேசிய அட்டவணை எடுத்துக்கொள்வது இந்தப் பெரிய எண்ணை. ஆனால் நகர்த்தொகுதியில் வரும் எல்லா ஊரும் மாநகரக் காவல் ஆணையரின் கீழ் இல்லை. பெரியநாயக்கன்பாளையம் போன்ற இடங்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் வருபவை. கணக்குக்காக ஓர் எண்ணை வைத்துப் பார்ப்போம். ஒரு வருடத்தில் 10,000 வழக்குகள் என்றால், 21.5 லட்சத்தால் வகுத்தால் விகிதம் 465, 16 லட்சத்தால் வகுத்தால் 625. ஊரில் எதுவுமே மாறவில்லை, வகுக்கிற எண்தான் மாறியது. பட்டியலில் நாலைந்து இடம் மேலே கீழே போக இதுவே போதும்.

இதுவரை சொன்னவை காகிதத்தில் இருக்கும் சிக்கல்கள். எனக்கு உண்மையில் ஆதங்கம் இருப்பது அடுத்ததில். காகிதத்துக்கே வராமல் போவதில்.

போன ஆண்டு மார்கழியில், இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா காலை ஐந்தே முக்காலுக்கு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பைக்கில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். பின்னால் இருந்தவன் இறங்கி, பக்கத்துத் தெரு அப்பார்ட்மென்டின் பெயரைச் சொல்லி வழி கேட்டிருக்கிறான். அக்கா நிமிர்ந்து கையை நீட்டிக் காட்டும்போதே கழுத்தில் கை போட்டுவிட்டான். கொடியின் ஒரு துண்டு அவர் கையோடு நின்றது. மீதி மூன்று பவுன் சொச்சம் போய்விட்டது. நான் ஓடிப் போனபோது கோலப்பொடிக் கிண்ணம் கவிழ்ந்து படி முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. கழுத்தைச் சுற்றிக் கயிறு அறுத்ததுபோல் ஒரு சிவந்த கோடு. அதில் மஞ்சளை அப்பிக்கொண்டுதான் என்னோடு காவல் நிலையத்துக்கு வந்தார்.

ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"எத்தனை பவுனுங்கம்மா? பில் இருக்குதுங்களா?"

"கல்யாணத்துக்கு எங்கம்மா போட்டதுங்க சார். இருபத்தாறு வருசமாச்சு. பில்லுக்கு நான் எங்கீங்க போறது?"

"சரி விடுங்க. இப்போதைக்கு மனு ரசீது போட்டுத் தர்றேன். ஆள் சிக்கட்டும், அப்புறம் எஃப்.ஐ.ஆர். போட்டுக்கலாம்."

மனு ரசீது என்றால் சி.எஸ்.ஆர். புகார் வந்தது என்பதற்கு அடையாளமாக ஒரு பதிவேட்டில் வரிசை எண் போட்டுத் தரும் சீட்டு. தமிழ்நாட்டில் காவல் நிலையத்துக்குப் போனவர்களில் பலர் கையில் வாங்கி வந்தது இதைத்தான், எஃப்.ஐ.ஆரை அல்ல. வாய்க்கால் வரப்புத் தகராறுக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் இந்தச் சீட்டு பொருத்தமாக இருக்கலாம். நகைப் பறிப்புக்குப் பொருந்தாது. ஏனென்றால் தேசியக் கணக்கு எஃப்.ஐ.ஆரிலிருந்துதான் தொடங்குகிறது. சி.எஸ்.ஆர். எண் எந்த அட்டவணைக்கும் போகாது. அக்கா இரண்டு முறை நடந்து, உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்து, கடைசியில் எஃப்.ஐ.ஆர். கையில் வந்தது இருபத்து மூன்றாவது நாள். அந்த இருபத்து மூன்று நாளும் அரசாங்கக் கணக்கில் எங்கள் தெருவில் எதுவுமே நடக்கவில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், இணையம் வழியாகவும் கொடுத்துவிட்டு மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடலாம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியின் அனுமதியோடு முதற்கட்ட விசாரணை நடத்தலாம், ஆனால் அதற்கும் 14 நாள்தான் கெடு. எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். பதிய மறுத்தால் உயர் அதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம், அதன் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

ஏன் தயங்குகிறார்கள்? ஒவ்வொரு நிலையத்துக்கும் மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டம் உண்டு. பதிவான வழக்கு எத்தனை, கண்டுபிடித்தது எத்தனை, நிலுவை எத்தனை என்று ஆய்வாளர் பதில் சொல்ல வேண்டும். ஆள் பிடிபடாத வழக்கு நிலுவையாக நிற்கும், மனு ரசீது அப்படி நிற்காது. ஆள் பற்றாக்குறை வேறு. திருவிழாவுக்கும் அமைச்சர் வருகைக்கும் பந்தோபஸ்து போய்விட்டு வந்து விசாரிக்க வேண்டியவர்கள் அதே பத்துப் பதினைந்து பேர்தான். இதில் நமக்கும் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். "குற்றங்கள் 10 சதவீதம் குறைந்தன" என்ற செய்திக்குக் கைதட்டுகிறோம். "இந்த வருடம் வழக்குகள் கூடியிருக்கின்றன, ஏனென்றால் யாரையும் திருப்பி அனுப்பவில்லை" என்று ஓர் ஆணையர் சொன்னால் அவரைப் பாராட்டத் தயாராக இருக்கிறோமா? பாராட்ட வேண்டும் என்பது என் கருத்து.

எழுதப்படும் வழக்கும் எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்பது இன்னொரு கதை. கழுத்தில் காயம் பட்டதால் அக்காவின் வழக்கு வழிப்பறியாக வந்திருக்கலாம், அதற்குத் தண்டனை அதிகம். வந்தது பறிப்பு என்று. பழைய தண்டனைச் சட்டத்தில் நகைப் பறிப்புக்குத் தனிப் பிரிவே கிடையாது, சில இடங்களில் திருட்டாகவும் சில இடங்களில் வழிப்பறியாகவும் பதிந்தார்கள். அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவு அதைத் தனிக் குற்றமாக ஆக்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் 2024 ஜூலைக்கு முன்னும் பின்னும் இருக்கும் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட்டு "திருட்டு குறைந்தது" என்று யாராவது சொன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள். இன்னொன்று: ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் கடுமையான ஒன்றை மட்டும் எண்ணுவது காப்பகத்தின் விதி. பாலியல் வன்கொடுமை செய்து கொன்றால் அது கொலைக் கணக்கில் சேரும், வன்கொடுமைக் கணக்கில் வராது.

இத்தனை ஓட்டைகளுக்கு நடுவே எதைத்தான் நம்புவது? ஓரளவுக்கு இரண்டை நம்பலாம். ஒன்று கொலை, உடலை மறைப்பது கடினம். இன்னொன்று வண்டித் திருட்டு, எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது என்பதால் உரிமையாளர் விடாமல் நின்று பதிய வைத்துவிடுவார். செல்போன் பறிப்பு இதற்கு நேர் எதிர். "தவறவிட்டேன்னு எழுதிக் கொடுங்க, சீக்கிரம் முடியும்" என்ற பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு.

கொலையிலும் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படும் முன் காரணத்தைப் பார்க்க வேண்டும். 2022-இல் இந்தியாவில் 28,522 கொலை வழக்குகள். அவற்றில் தகராறில் நடந்தவை 9,962, முன்விரோதத்தில் நடந்தவை 3,761. காவல்துறை ஆதாயக் கொலை என்று சொல்லும், நகைக்காகவும் பணத்துக்காகவும் செய்த கொலைகள் 1,884. கொலையானவர்களில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். குடும்பச் சொத்து, குடிபோதையில் வாய்ச்சண்டை, பழைய பகை என்று தெரிந்தவர்களுக்கு நடுவே நடப்பவைதான் பெரும்பாலும். கோவைக்குப் புதிதாக வந்து வேலைக்குப் போய் வரும் ஒரு பெண், யாரென்றே தெரியாத ஒருவனால் கொல்லப்படும் வாய்ப்பு அந்த மொத்த விகிதத்தைவிட மிகக் குறைவு.

நடுத்தர ஊர்களில் கொலை எண்ணுக்கு ஒரு தனிப் பிரச்சினையும் உண்டு. எண் சிறியது. போன வருடம் 20 கொலை, இந்த வருடம் 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். "கொலைகள் 40 சதவீதம் அதிகரிப்பு" என்று தலைப்பு வரும். இரண்டு கும்பல்களுக்கு நடுவே ஒரு பகை மூண்டு ஏழெட்டுப் பேர் மாறி மாறி விழுந்தாலே இவ்வளவு கூடிவிடும், அடுத்த வருடம் தானாக இறங்கியும் விடும். ஐந்தாறு வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

பெண்கள் விஷயத்தில் நான் இன்னும் கவனமாகப் பேச விரும்புகிறேன். 2022-இல் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் என்று பதிவான 4,45,256 வழக்குகளில் 31.4 சதவீதம், கணவனும் அவன் உறவினர்களும் செய்த கொடுமை. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் ஆண்டுதோறும் 90 சதவீதத்துக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். "ராத்திரி வெளியே போகாதே, வீட்டிலேயே இரு" என்று சொல்லும்போது, வீட்டுக்குள் நடப்பதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. அதற்காகத் தெருவில் பயப்படுவது வீண் என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில் உரசுவது, பைக்கில் பின்தொடர்வது, டீக்கடை வாசலில் நின்று பேசும் பேச்சு எல்லாம் நூற்றில் ஒன்றுகூட நிலையத்துக்குப் போகுமா என்பது சந்தேகம். எந்த பஸ்ஸில் ஏறுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த வேலையை ஒப்புக்கொள்வது என்று ஒரு பெண்ணின் வாழ்க்கையை அன்றாடம் தீர்மானிப்பவை அவைதான். விகிதம் குறைவு என்று காட்டி அந்தப் பயத்தை வாயடைக்கக் கூடாது.

அப்படியானால் என் தங்கைக்கு உண்மையிலேயே நேரக்கூடியது என்ன? முதலில் சாலை. 2022-இல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டு மாநிலத்தில் பதிவான கொலைகள் 1,700-க்கும் குறைவு. பத்து மடங்கு வித்தியாசம். ஒன்பதரை மணிக்கு ஸ்கூட்டியில் சத்தி சாலையில் வருகிறவளுக்கு, ஹெல்மெட்டின் பட்டையைச் சரியாக மாட்டுவது பையில் மிளகுத் தூள் ஸ்பிரே வைத்துக்கொள்வதைவிடப் பெரிய பாதுகாப்பு.

அடுத்தது செல்போன் வழியாக வருவது. 2022-இல் நாடு முழுவதும் சைபர் குற்ற வழக்குகள் 65,893. அதே ஆண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கு வந்த புகார்கள் 10 லட்சத்துக்கு மேல். எஃப்.ஐ.ஆருக்கும் புகாருக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி. 2024-இல் புகார்கள் 22 லட்சத்தைத் தாண்டின, மக்கள் இழந்த பணம் 22,845 கோடி ரூபாய். கோவை மாதிரி ஊரில் ஓய்வூதியப் பணத்தோடு தனியாக இருக்கும் பெரியவர்கள் அதிகம். பிள்ளைகள் வெளிநாட்டில். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு மிரட்டுகிறவனுக்கு இவர்களைப் போல் எளிதான இலக்கு கிடையாது. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் போய்விட்டால் முதல் வேலையாக 1930-ஐ அழைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு, மறுநாள் சொன்னால் அது நாலைந்து கணக்கு தாண்டியிருக்கும். ஊரின் குற்ற விகிதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. திருடன் கோவையில் இல்லை.

அப்புறம்தான் பறிப்பும் பூட்டிய வீட்டுத் திருட்டும். இவை ஊர் முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், ஊரிலுள்ள முகவரிகளில் சுமார் 3 சதவீதத்திலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. அதன் பிறகு எத்தனையோ நகரங்களில் இதே போக்கைக் கண்டிருக்கிறார்கள். ஒரே பகுதியில் ஒரு தெரு ஆபத்தாகவும் அடுத்த தெரு நிம்மதியாகவும் இருக்கும். அதனால் "கோவை சேஃப்தானா" என்ற கேள்விக்கு ஊர் முழுமைக்கும் ஒரே பதில் இல்லை. எந்தத் தெரு, எத்தனை மணி என்று கேட்டால் பதில் சொல்ல முடியும்.

தங்கை வந்ததும் இரண்டு வீடுகளைப் பார்த்தோம். இரண்டுக்கும் பகலில் ஒரு முறை, இரவு ஒன்பதரைக்கு ஒரு முறை போனோம். முதல் வீடு புதுக் கட்டடம், வாசலில் கேமரா, வாடகையும் குறைவு. ஆனால் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வரும் வழியில் காலி மனை, முள்செடி, தொடர்ந்து இரண்டு கம்பங்களில் விளக்கு எரியவில்லை. நடந்து வந்த நேரம் முழுக்க ஒரு மனித முகம்கூட எதிரில் வரவில்லை. இரண்டாவது வீடு பழையது, பாத்ரூம் சின்னது, வாடகை 1,500 ரூபாய் கூட. தெருமுனையில் டீக்கடை, அதற்குப் பக்கத்தில் இஸ்திரி வண்டி, எதிர் வரிசையில் திண்ணை மாதிரிப் படியில் மூன்று பாட்டிகள். இஸ்திரிக்காரர் நாங்கள் யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது.

"ராத்திரி ரோந்து வருதுங்களாண்ணா?" என்று கேட்டேன். அருகிலிருந்த நகைக்கடை ஷட்டரைக் காட்டி, "அங்க பட்டா புக்கு இருக்குதுங்க. ரெண்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவாங்க" என்றார். இரவு ரோந்துக் காவலர் வந்து போனதற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போடும் நோட்டு அது. அடுத்த நாள் அவள் நிலையத்துக்கே போய், வெளியூர் போகும்போது பூட்டிய வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தால் ரோந்தில் பார்ப்பார்களா என்று கேட்டு, பீட் காவலரின் எண்ணை வாங்கி வந்தாள். புது ஊரில் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை என்று எல்லோருக்கும் இதைச் சொல்வேன்.

பயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிசிடிவி காட்சி ஒன்று நூறு குழுக்களில் சுற்றும்போது, நடந்தது ஒரு சம்பவம், நம் மனத்தில் பதிவது நூறு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்றைப் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்ததில் அறுபது வயதைக் கடந்த ஒரு பெண் இறந்துபோனார். வழியில் பார்த்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. பிள்ளை பிடிப்பவர்கள் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த வதந்தி வேலை செய்தது. 2023 மார்ச்சில் பயம் வேறு பக்கம் போனது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய்க் காட்சிகள் பரவி, திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்தவர்கள் ரயில் நிலையத்தில் மூட்டையோடு காத்திருந்தார்கள். ஒரு காட்சியை அனுப்புவதற்கு முன் எந்த ஊர், எந்தத் தேதி என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். தேதி தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

தங்கை இரண்டாவது வீட்டுக்கே குடிவந்துவிட்டாள். முதல் வீட்டு வழியில் எரியாத இரண்டு விளக்குகளின் கம்ப எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். மாநகராட்சிக்குப் புகார் கொடுத்தேன். நாலாம் நாள் ஒன்று எரிந்தது. மற்றொன்றுக்கு இரண்டாவது முறை புகார் கொடுத்திருக்கிறேன். அக்காவின் நகை இன்னும் கிடைக்கவில்லை. எஃப்.ஐ.ஆர். நகலை லேமினேட் செய்து, பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்திருக்கிறார்.